தேடலின் அலகு: தரவுத்தள வினவலில் ஒழுங்குக்கோவையும் தமிழ் எழுத்தும் – சாமளாபுரம் என்னும் ஊர்ப்பெயரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தரவுத்தளங்களில் சொல்வடிவங்களைத் தேடுவதற்கு ஒழுங்குக்கோவை என்னும் குறியீட்டு முறை பயன்படுகிறது. எழுத்துக்கு ஒரு குறி என்னும் கருத்து நிலவிய சூழலில் வளர்ந்த இம்முறை, எழுத்தொன்று பல குறிகளாகச் சேமிக்கப்படும் தமிழுக்கு வந்தபோது தேடலின் அலகு எது என்னும் சிக்கல் எழுந்தது. நிகண்டுகளும் சதுரகராதியும் எழுத்தை அலகாகக் கொண்டு தேடலுக்கு வழிசெய்தன. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய குறியேற்றங்கள் அவ்வலகைப் பலவாறு சிதைத்தன. இவ்வரலாற்றை இக்கட்டுரை சாமளாபுரம் என்னும் ஊர்ப்பெயரைச் சான்றாகக் கொண்டு ஆராய்கிறது. அலகை அறியாது செய்யப்படும் தேடல் தரும் 'இல்லை' என்னும் விடை ஆய்வுச் சான்றாகாது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச் சொற்கள்: ஒழுங்குக்கோவை, தரவுத்தளம், வினவல், ஒருங்குறி, தொடையகராதி, இடப்பெயராய்வு, சாமளாபுரம்.

முன்னுரை

திருப்பூர் மாவட்டம் பல்லடம் வட்டத்தில் நொய்யலாற்றை ஒட்டி அமைந்த பேரூராட்சி சாமளாபுரம். விசைத்தறி நெசவு மிகுந்த இப்பகுதி, 2009ஆம் ஆண்டில் திருப்பூர் தனி மாவட்டமாகும் வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. இவ்வூர்ப் பெயரில் எத்தனை எழுத்துகள் உள்ளன என்று வினவினால், தமிழ் நெடுங்கணக்கு அறிந்த எவரும் சா, ம, ளா, பு, ர, ம் என ஆறு எழுத்துகள் என்பர். கணினித் தரவுத்தளத்தை வினவினால், எந்த முறையில் வினவினோம் என்பதைப் பொறுத்துப் பத்து என்றோ முப்பது என்றோ விடை வரும்.

இவ்வேறுபாடு கணிப்பொறி வல்லுநர்க்கு மட்டும் உரிய நுட்பச் செய்தியன்று. ஊர்ப்பெயர்த் தொகுப்பு, கல்வெட்டுச் சொல்லடைவு, இலக்கியத் தரவகம் ஆகியன இன்று தரவுத்தளங்களாகவே ஆய்வாளர் கைக்கு வருகின்றன. 'இச்சொல் இந்நூலில் இத்தனை முறை வருகிறது', 'இவ்வீறு கொண்ட ஊர்கள் இவ்வட்டத்தில் இல்லை' என்பன போன்ற கூற்றுகள் ஒரு வினவல் தந்த எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டு எழுதப்படுகின்றன. அவ்வெண்ணிக்கை எதனை எண்ணியது என்பதை அறிய, தேடல் முறையின் வரலாற்றையும் தமிழ்க் குறியேற்றத்தின் வரலாற்றையும் சேர்த்து நோக்க வேண்டியுள்ளது.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் என ஆங்கிலத்தில் வழங்கும் முறை இக்கட்டுரையில் ஒழுங்குக்கோவை எனப்படுகிறது. ஒரு சொல்லைச் சுட்டாமல், ஒரு வடிவில் அமையும் சொற்கள் அனைத்தையும் சில குறிகளால் சுட்டுவதே இதன் இயல்பு. காட்டாக, 'சாமளா(ப்)?புரம்' என்னும் கோவை, பகர ஒற்று மிக்கும் மிகாதும் எழுதப்பட்ட இரு வடிவங்களையும் ஒருங்கே குறிக்கும்.

1. எழுத்தை அலகாகக் கொண்ட தேடல் மரபு

சொற்கள் இன்ன வடிவில் அமையும், இன்ன வடிவில் அமையா என வரையறுக்கும் சிந்தனை தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் நூன்மரபு, எம்மெய்யை எம்மெய் தொடரலாம் என்னும் மெய்ம்மயக்க விதிகளைக் கூறுகிறது. மொழிமரபு, சொல்லின் முதலிலும் இறுதியிலும் வரக்கூடிய எழுத்துகளை வரையறுக்கிறது. மொழிமுதலில் க, த, ந, ப, ம ஆகியவை எல்லா உயிரோடும் வரும். சகரம் அ, ஐ, ஔ என்னும் மூன்று நீங்கலாக ஏனையவற்றோடு வரும். இத்தகைய விதிகள் ஒவ்வொன்றையும் ஓர் ஒழுங்குக்கோவையாக எழுதிவிட முடியும். தொல்காப்பியர் கணினியியலை முன்னறிந்தார் என்பது இதன் பொருளன்று. எழுத்துகளின் வரிசையைக் கொண்டு சொல்வடிவத்தை வரையறுக்கும் முறை இலக்கண மரபில் நிலைபெற்றிருந்தது என்பதே இங்கு நோக்கத்தக்கது.

தேடல் கருவி என்னும் நிலையில் நிகண்டுகள் முதன்மையானவை. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, ஒருசொற் பல்பொருட் பெயர்களை எதுகை அடிப்படையில் நிரல்படுத்துகிறது. சொல்லின் இரண்டாம் எழுத்தை அறிந்தவர் தமக்குரிய பகுதிக்கு நேரே செல்லலாம். 1594ஆம் ஆண்டினதாகிய சிதம்பர ரேவண சித்தரின் அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்தின் அகரவரிசையில் அமைத்தது. வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவுகளை உடையது. அவற்றுள் தொடையகராதி, செய்யுள் தொடைக்கு இயைபுடைய சொற்களைத் திரட்டித் தருவது.

ஒரே சொற்களஞ்சியத்தை வெவ்வேறு வாயில்கள் வழியே அணுக வேண்டும் என்னும் தேவையைச் சதுரகராதியின் நாற்பகுப்பு காட்டுகிறது. தரவுத்தள வல்லுநர் இன்று 'சுட்டு' எனக் கூறும் அமைப்பும் இதனையொத்த பணியையே செய்கிறது. முதலெழுத்து வரிசையில் அமைந்த நூலில், குறித்த ஈற்றையுடைய சொற்களைக் காண வேண்டுமாயின் நூல் முழுவதையும் புரட்ட வேண்டும். தரவுத்தளத்திலும் 'சாம' எனத் தொடங்குவனவற்றை முதற்சுட்டால் விரைந்து காணலாம். 'புரம்' என முடிவனவற்றைக் காண அட்டவணை முழுவதையும் படிக்க நேரும், அல்லது அதற்கெனத் தனிச் சுட்டு ஒன்றை அமைக்க நேரும். இவ்விரு மரபுக்கும் உள்ள வேறுபாடு அலகில்தான் உள்ளது. நிகண்டாசிரியர்க்கு அலகு எழுத்து. அதில் ஐயத்துக்கு இடமில்லை.

ஏட்டுச்சுவடியில் ஐயத்துக்கு இடமிருந்தது. சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை; எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவில் வேறுபடவில்லை; ரகரமும் ஆகாரக் காலும் ஒத்திருந்தன. ஆதலின், சுவடியில் உள்ள ஒரு வரியுரு பல பாடங்களுக்கு இடந்தந்தது. பதிப்பாசிரியர் அப்பாடங்களுள் யாப்புக்கும் பொருளுக்கும் ஏற்றதைத் தெரிந்தெடுத்தார். எழுதப்பட்ட குறி வேறு, எழுத்து வேறு என்னும் உணர்வு பதிப்புப் பணியின் அடிப்படையாக இருந்தது. கணினித் தரவைக் கையாளும்போது மீண்டும் தேவைப்படுவது அவ்வுணர்வே.

2. ஒழுங்குக்கோவையின் தோற்றமும் பரவலும்

ஒழுங்குக்கோவை கணினித் தேடலுக்கெனப் பிறந்ததன்று. நரம்பணுக்களின் இயக்கத்தைத் தருக்க வலைகளாக விளக்கி மக்கல்லக், பிட்ஸ் ஆகியோர் 1943இல் ஒரு கட்டுரை எழுதினர். அத்தகைய வலைகள் எந்நிகழ்வு வரிசைகளை இனங்காண வல்லன என்னும் வினாவை ஆராய்ந்த கணிதவியலாளர் ஸ்டீபன் க்ளீனி, 1951இல் ஓர் ஆய்வறிக்கையாக எழுதி 1956இல் அச்சில் வெளியிட்ட கட்டுரையில் 'ஒழுங்கு நிகழ்வு' என்னும் கருத்தை முன்வைத்தார். ஒன்றை அடுத்து மற்றொன்று, இரண்டில் ஒன்று, மீள மீள வருதல் என்னும் மூன்று செயல்களால் அத்தகைய வரிசைகள் அனைத்தையும் கட்டலாம் என அவர் நிறுவினார். மீள்வரவைக் குறிக்கும் உடுக்குறி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

இக்கணிதக் கருத்தை உரைத்தேடலுக்குக் கொண்டுவந்தவர் கென் தாம்சன். ஒழுங்குக்கோவையைக் கணினி நிரலாக மாற்றி உரையில் தேடும் வழிமுறையை அவர் 1968இல் வெளியிட்டார். பின்னர் யூனிக்ஸ் இயங்குதளத்தில் 1973 முதல் 'கிரெப்' என்னும் கருவி இம்முறையைப் பரவலாக்கியது. 1986இல் ஹென்றி ஸ்பென்சர் எழுதி யாவரும் பயன்படுத்தும்படி வழங்கிய நூலகம் பல மென்பொருள்களுள் இடம்பெற்றது.

இக்கருவிகள் ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கி குறியேற்றச் சூழலில் உருவானவை என்பது முதன்மையானது. ஆஸ்கியில் ஓர் எழுத்துக்கு ஒரு குறி. ஒரு குறிக்கு ஒரு பைட்டு. எனவே 'ஏதேனும் ஓர் எழுத்து' எனப் பொருள்படும் புள்ளிக் குறி, எழுத்தையும் குறியையும் பைட்டையும் ஒருசேரச் சுட்டியது. மூன்றும் ஒன்றாக இருந்தமையால் இவற்றை வேறுபடுத்தும் தேவை அன்று எழவில்லை.

3. தரவுத்தள வினவலுள் வடிவத் தேடல்

எட்கர் காட் 1970இல் உறவுசார் தரவு மாதிரியை முன்வைத்தார். அதனை வினவுவதற்கான மொழியைச் சேம்பர்லின், பாய்ஸ் ஆகியோர் 1974இல் வெளியிட்டனர். அதன் வளர்ச்சியாகிய எஸ்.கியூ.எல். 1986இல் அமெரிக்கத் தரமாக ஏற்கப்பட்டது. அம்மொழியில் வடிவத் தேடலுக்கு 'லைக்' என்னும் செயலி அமைந்தது. அதில் இரண்டே குறிகள் உண்டு: '%' எத்தனை எழுத்துகளையும் குறிக்கும், '_' ஓரெழுத்தைக் குறிக்கும். 'சாம%' என்றால் 'சாம' எனத் தொடங்குவன. '%புரம்' என்றால் 'புரம்' என முடிவன.

இவ்வெளிய முறையால் 'இதுவோ அதுவோ', 'இருந்தாலும் இல்லாவிட்டாலும்' என்பன போன்ற நிபந்தனைகளைக் கூற இயலாது. ஆகவே தரவுத்தள நிறுவனங்கள் ஒழுங்குக்கோவையைத் தனித்தனியே இணைத்தன. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், ஆரக்கிள் ஆகியவற்றில் அதற்கான செயலிகள் வெவ்வேறு பெயர்களில் அமைந்தன. தரக்குழுவும் 1999இல் ஒரு செயலியையும் 2008இல் மற்றொன்றையும் சேர்த்தது. எனினும் ஒவ்வொரு மென்பொருளும் தனக்குரிய வழக்கையே பெரிதும் பின்பற்றுகிறது. ஒரு தரவுத்தளத்தில் எழுதிய கோவையைப் பிறிதொன்றில் இட்டால் அதே விடை வரும் என்னும் உறுதி இல்லை.

இதன் விளைவைத் தமிழ்த்தரவு தெளிவாகக் காட்டுகிறது. மைஎஸ்கியூஎல் 8.0க்கு முந்தைய பதிப்புகளில் ஒழுங்குக்கோவைத் தேடல் ஸ்பென்சர் நூலகத்தைக் கொண்டு பைட்டு பைட்டாக நடைபெற்றது. பல பைட்டுக் குறியேற்றங்களில் எதிர்பாராத விடை வரலாம் என அதன் கையேடே எச்சரித்தது. யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளால் ஆனது. அவற்றுள் முதற்பைட்டு எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒன்றே. க அல்லது ச எனத் தொடங்கும் சொற்களைக் காண '^[கச]' என எழுதினால், அடைப்புக்குள் உள்ள ஆறு பைட்டுகளுள் ஏதேனும் ஒன்றில் தொடங்குவன எனப் பொறி பொருள்கொள்ளும். முதற்பைட்டு பொதுவாதலால் தமிழில் தொடங்கும் எல்லாச் சொற்களும் விடையாக வந்துவிடும். '^(க|ச)' என எழுதியிருந்தால் இப்பிழை நேராது. 2018இல் பொதுப்பயன்பாட்டுக்கு வந்த 8.0 பதிப்பில் ஐ.சி.யு. என்னும் பன்மொழி நூலகம் இடம்பெற்ற பின்னரே இக்குறை நீங்கியது. அதற்கு முன் இம்முறையில் தேடித் தொகுத்த தமிழ்ப் பட்டியல்கள் மீளாய்வுக்கு உரியன.

4. தமிழ்க் குறியேற்றங்களும் அலகின் மாற்றமும்

இந்திய மொழிகளுக்கெனப் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி குறியேற்றம் 1988இல் அமைந்து, 1991இல் இந்தியத் தரமாக வெளியிடப்பட்டது. அது உயிர், அகரமேறிய மெய், உயிர்க்குறி, புள்ளி ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் வழங்கியது. 1991இல் வெளிவந்த ஒருங்குறி, தமிழ்ப்பகுதியை 1988ஆம் ஆண்டு இஸ்கியைப் பின்பற்றி அமைத்தது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன.

இதற்கிடையே இணையத்தில் தமிழை எழுதப் பலவகை எழுத்துருக்கள் தோன்றின. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகளுக்குப் பொதுக் குறியேற்றம் இன்றியமையாததாயிற்று. அவ்வாறு உருவான திஸ்கி, எழுத்தின் வரிவடிவத்தை அடிப்படையாகக் கொண்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு தாப், தாம் என்னும் இரு குறியேற்றங்களைத் தரமாக்கியது.

வரிவடிவக் குறியேற்றத்தில் குறிகள் கண்ணால் காணும் வரிசையில் சேமிக்கப்பட்டன. 'கோயம்புத்தூர்' என்னும் பெயர் திஸ்கியில் ஏகாரக் கொம்பில் தொடங்கும். ககரம் இரண்டாவதாக வரும். எனவே ககரத்தில் தொடங்கும் ஊர்களைத் தேடுவோர்க்குக் கோயம்புத்தூர் அகப்படாது. ஒருங்குறியில் ககரம் முதலிலும் ஓகாரக் குறி அடுத்தும் வருவதால் இவ்விடர் இல்லை. வேறிடர்கள் உண்டு.

முதலாவது, வரிசை. ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்தும் றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையே உள்ளது. ஆதலின் 'க முதல் ம வரை' என வீச்சாக எழுதப்படும் கோவை, நெடுங்கணக்கில் இறுதியில் நிற்கும் னகரத்தையும் உள்ளடக்கிவிடும். இரண்டாவது, ஒன்றுக்கு மேற்பட்ட எழுதுமுறை. 'ொ' என்பதை ஒரே குறியாகவும், 'ெ', 'ா' என இரு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இவற்றைச் சமன்படுத்தும் இயல்பாக்கம் செய்யாவிடில் ஒன்றைத் தேடினால் மற்றது வராது. மூன்றாவது, காலத்தால் வந்த மாற்றம். 'ஶ' என்னும் குறி 2005இல்தான் ஒருங்குறியில் சேர்ந்தது. அதனால் 'ஸ்ரீ' என்பது 'ஸ'வைக் கொண்டும் 'ஶ'வைக் கொண்டும் இருவகையாகச் சேமிக்கப்பட்டுள்ளது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவில் தோன்றுவதால் படிப்பவர்க்கு வேறுபாடு புலப்படாது.

தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி வேண்டும் என்னும் கோரிக்கை தொடர்ந்து எழுந்தது. அதன் பயனாகத் தமிழ் அனைத்து எழுத்துக் குறியேற்றம் உருவாகி, 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்ற காலத்தில் ஒருங்குறியோடு சேர்த்து அரசின் தரமாக அறிவிக்கப்பட்டது. உயிர்மெய்கள் ஒவ்வொன்றும் தனிக்குறி பெறுவதால் தேடல் அலகும் எழுத்தும் அதில் ஒன்றே. ஆயினும் உலக மென்பொருள்கள் ஒருங்குறியையே ஏற்றமையால் தரவுத்தளங்களில் நிலைத்தது ஒருங்குறியே.

5. சாமளாபுரம்: ஒரு பெயர், நான்கு எண்ணிக்கை

மேற்கூறியவற்றைச் சாமளாபுரம் என்னும் பெயரில் பொருத்திக் காணலாம். எழுத்தெண்ணிக்கை ஆறு, தமிழ் அனைத்து எழுத்துக் குறியேற்றத்திலும் ஆறு. திஸ்கியில் 'சா', 'ளா' ஆகிய இரண்டும் இவ்விரு குறிகளாக, 'பு', 'ம்' ஆகியன ஒவ்வொரு குறியாக அமைவதால் எட்டு. ஒருங்குறியில் புள்ளிக்கும் உகரக் குறிக்கும் தனியிடம் இருப்பதால் பத்து. யூ.டி.எஃப்-8 பைட்டுகளாகக் கொண்டால் முப்பது. ஆறெழுத்து ஊர்ப்பெயர்களைக் காண ஆறு '_' குறிகளை இட்டு ஒருங்குறித் தரவுத்தளத்தில் 'லைக்' செயலியை ஏவினால் சாமளாபுரம் வாராது. பத்துக் குறிகள் இட்டால் வரும். மைஎஸ்கியூஎல்லின் பழைய பதிப்பில் ஒழுங்குக்கோவையாக எழுதினால் முப்பது புள்ளிகள் வேண்டும்.

தொடையகராதி விடையளித்த வினாவையே தரவுத்தளத்திடம் கேட்டால் நேரும் இடர் இன்னும் தெளிவானது. இரண்டாம் எழுத்து மகரமாக உள்ள சொற்களைத் தேட '_ம%' என எழுதுவது இயல்பு. 'கமலம்' அகப்படும். 'சாமளாபுரம்', 'சோமனூர்' ஆகியன அகப்படா. அவற்றில் இரண்டாம் குறி உயிர்க்குறியாகும். குறில் அகரத்தில் தொடங்கும் சொற்கள் வந்து, பிற உயிர்மெய்யில் தொடங்குவன விடுபடுவதால், எதுகையாய்வுக்குத் தொகுக்கப்படும் பட்டியல் ஒருபக்கம் சாய்ந்ததாகிவிடும். எண்ணிக்கை முற்றிலும் சுழியாக வந்திருந்தால் ஆய்வாளர் ஐயுறுவார். பாதி விடை வருவதே பேரிடர்.

இடப்பெயராய்வில் இதனினும் கூர்மையான சான்று ஒன்று உண்டு. சாமளாபுரத்தைச் சூழ்ந்த பகுதியில் -பாளையம், -பட்டி, -புரம், -ஊர் ஆகிய ஈறுகள் பயில்கின்றன. '%பட்டி' என வினவினால் கருமத்தம்பட்டி வரும். அவ்வாறே '%ஊர்' என வினவினால் திருப்பூர், சோமனூர், கோயம்புத்தூர், பூமலூர் ஆகியவற்றுள் ஒன்றும் வாராது. காரணம் எளிது. 'ஊ' என்னும் உயிரெழுத்துக்கு ஒரு குறியும், மெய்யோடு சேர்ந்த ஊகாரத்துக்கு வேறு குறியும் ஒருங்குறியில் உள்ளன. 'திருப்பூர்' என்பதில் உள்ளது பின்னது. இலக்கணியார் பகர மெய்யும் ஊகார உயிரும் புணர்ந்தது எனக் காணும் இடத்தில், பொறி பகரத்தையும் துணைக்குறியையும் மட்டும் காண்கிறது. '(ஊ|ூ)ர்$' என இரு குறிகளையும் கூறும் கோவையே இங்கு வேண்டப்படுவது. கொங்குப் பகுதியில் -ஊர் ஈற்றுப் பெயர் இல்லை என முதல் வினவலைக் கொண்டு ஒருவர் எழுதமாட்டார்; உண்மை கண்ணெதிரே உள்ளது. ஆனால் கண்ணால் சரிபார்க்க இயலாத பெருந்தரவகத்தில், அறியப்படாத ஈறொன்றைப் பற்றி அதே தவறு நேர்ந்தால் அதனை வெளிப்படுத்த எதுவுமில்லை.

தொடருரையில் தேடும்போது வேற்றுமை வடிவங்கள் சேர்கின்றன. சாமளாபுரம், சாமளாபுரத்தில், சாமளாபுரத்தை, சாமளாபுரமும், சாமளாபுரக் குளம் என வருவனவற்றுள் முழுப்பெயரைத் தேடினால் முதல் வடிவம் மட்டுமே வரும். எல்லாவற்றுக்கும் பொதுவான பகுதி 'சாமளாபுர' என்பது. அதனைத் தேடினால் அனைத்தும் வரும். ஆயினும் தரவுத்தளத்தில் 'ர' என்பது அகரமேறிய ரகரத்தை மட்டும் குறிப்பதன்று. ரி, ரு, ரை ஆகியவற்றின் முதற்குறியும் அதுவே. 'மல' எனத் தேடுவோர்க்கு மலர் மட்டுமன்றி மலையும் வருவது இதனாலேயே. 'ரகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வரலாகாது' என்னும் நிபந்தனையைக் கோவையில் சேர்த்தால்தான் அகரமேறிய ரகரத்தை மட்டும் குறிக்க முடியும்.

இவற்றிலிருந்து ஒரு பொதுவிதி பெறலாம். தமிழ் எழுத்து என்பது தரவுத்தளத்தில் ஓர் உயிர்க்குறியிடமோ, ஆய்தமோ, ஒரு மெய்யிடமும் அதனைத் தொடரக்கூடிய ஓர் உயிர்க்குறியோ புள்ளியோ ஆகும். இதனை ஓர் ஒழுங்குக்கோவையாக எழுதிக்கொண்டு, 'ஓர் எழுத்து' என வரவேண்டிய இடந்தோறும் அதனை இடலாம். அவ்வாறு எழுதினால் சாமளாபுரம் ஆறெழுத்தாகவே எண்ணப்படும். ஐ.சி.யு. போன்ற நூலகங்களில் இத்தகைய எழுத்துக் கொத்தைக் குறிக்கத் தனிக்குறியே உள்ளது. அலகு மீண்டும் எழுத்தாகிவிடுகிறது. அதனை மீட்கும் பொறுப்பு வினவுவோரிடம் வந்துசேர்கிறது.

6. ஆவணங்களில் ஊர்ப்பெயர்

ஊர்ப்பெயர் ஆய்வாளர்க்கு மட்டும் உரியதன்று. வாக்காளர் பட்டியல், நிலப்பதிவு, குடும்ப அட்டை, தொழிற்கூடப் பதிவு ஆகியவற்றிலும் அது இடம்பெறுகிறது. பின்னலாடைத் தொழிலும் விசைத்தறியும் பரவிய திருப்பூர் வட்டாரத்துக்குப் பிற மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வந்து வாழ்கின்றனர். ஒருவருடைய பெயரும் முகவரியும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெவ்வேறு எழுத்துக்கூட்டில் பதிவாகும்போது, இரண்டு ஆவணங்கள் ஒருவருக்கே உரியன என நிறுவுவது வடிவத் தேடலைச் சார்ந்ததாகிறது. 2009க்கு முந்தைய பதிவில் சாமளாபுரம் கோயம்புத்தூர் மாவட்டத்திலும் பிந்தையதில் திருப்பூர் மாவட்டத்திலும் நிற்கும். ஊர்ப்பெயரையும் மாவட்டப் பெயரையும் சேர்த்து நேர்ப்பொருத்தமாகத் தேடும் வினவல் இவ்விரண்டையும் இருவேறு ஊர்களாகவே கொள்ளும்.

ஆங்கில எழுத்துக்கூட்டின் சிக்கலை அரசே எதிர்கொண்ட நிகழ்வு ஒன்று குறிப்பிடத்தக்கது. 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் தமிழ்நாடு அரசின் ஆணை 2020 ஜூனில் வெளியாகி, அம்மாதத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. வேலூருக்குத் தரப்பட்ட எழுத்துக்கூட்டு 'வீலூர்' எனப் படிக்க இடந்தந்தது போன்ற குறைகள் சுட்டப்பட்டன. ஏகாரத்துக்கும் லகர ளகர வேறுபாட்டுக்கும் ஆங்கில எழுத்தில் நிலையான குறி இல்லாமையே இதன் வேர். 'சாமளாபுரம்' ஆங்கில எழுத்தில் செல்லும்போது ளகரம் லகரத்தோடு கலந்துவிடுகிறது. ஆகார நெடில் அகரத்தோடு கலந்துவிடுகிறது. ஆங்கில வடிவிலிருந்து தமிழ் வடிவத்தை மீட்பதற்கு, ஏட்டுச்சுவடியைப் படித்தவர் கையாண்ட அதே முறையில், கூடிய பாடங்கள் அனைத்தையும் கோவையாக எழுதி, பின் ஏற்றதைத் தெரிய வேண்டியுள்ளது.

7. 'இல்லை' என்னும் விடையின் மதிப்பு

இலக்கிய வரலாற்றிலும் மொழி வரலாற்றிலும் ஒரு சொல்லின் இன்மை சான்றாகக் கொள்ளப்படுவதுண்டு. ஒரு நூலில் ஒரு சொல் வாராமை அந்நூலின் காலத்தையோ ஆசிரியரையோ துணிவதற்குத் துணைநிற்கிறது. அச்சுச் சொல்லடைவு கொண்டு அத்தகைய முடிவுக்கு வந்தவர், அடைவைத் தொகுத்தவரின் பிரிப்புமுறையை முன்னுரையில் படித்தறிய முடிந்தது. சந்தி பிரித்துத் தொகுக்கப்பட்டதா, பாடவேறுபாடு சேர்க்கப்பட்டதா என்பன அங்கே கூறப்பட்டிருக்கும். தரவுத்தள வினவலில் அத்தகைய முன்னுரை இல்லை. எண் மட்டுமே வருகிறது.

சுழி என்னும் விடைக்குக் குறைந்தது நான்கு காரணங்கள் இருக்கலாம்: சொல் உண்மையாகவே இல்லாமை, இருந்தும் வேறு குறிகளால் சேமிக்கப்பட்டமை, புணர்ச்சியாலோ வேற்றுமையாலோ வடிவம் மாறியமை, கோவை தவறாக எழுதப்பட்டமை. முதலாவது மட்டுமே ஆய்வுச் சான்றாகத் தகுவது. ஏனைய மூன்றையும் விலக்கிய பின்னரே அதனை அடைய முடியும்.

ஒழுங்குக்கோவை வடிவ ஒற்றுமையை மட்டுமே காட்டும் என்பதும் மறக்கத்தக்கதன்று. '(ஊ|ூ)ர்$' என்னும் கோவை -ஊர் என ஒலித்து முடியும் பெயர்கள் அனைத்தையும் தரும். அவ்வீறு ஒவ்வொரு பெயரிலும் 'ஊர்' என்னும் சொல்லே ஆகுமா என்பது கல்வெட்டுச் சான்றும் வழக்காறும் கொண்டு ஆய்வாளர் துணிய வேண்டியது. தேடல் முறை சான்றுகளைத் திரட்டும். சான்றின் பொருளைத் துணிவது புலமையின் பணி.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

1. சொல்வடிவத்தைக் கொண்டு தேடும் முறை தமிழில் நிகண்டு, அகராதி மரபில் வளர்ந்தது. அதன் அலகு எழுத்து.

2. கணினி ஒழுங்குக்கோவை எழுத்து, குறி, பைட்டு ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்த சூழலில் உருவானது. தமிழில் இம்மூன்றும் வெவ்வேறாதலால் அதே கோவை வெவ்வேறு மென்பொருளில் வெவ்வேறு விடை தரும்.

3. தமிழ்த் தரவை வினவுமுன் குறியேற்றத்தை ஒன்றாக்கி இயல்பாக்கம் செய்தலும், 'ஓர் எழுத்து' என்பதைக் கோவையில் வரையறுத்தலும், உயிரெழுத்தையும் அதன் துணைக்குறியையும் சேர்த்துத் தேடுதலும் இன்றியமையாதவை.

4. தரவுத்தள எண்ணிக்கையைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வேடுகள், பயன்படுத்திய கோவையையும் மென்பொருளின் பதிப்பையும் தரவின் குறியேற்றத்தையும் குறிப்பிடுதல் வேண்டும். சொல்லடைவின் முன்னுரை செய்த பணியை இக்குறிப்பு செய்யும்.

5. விடை உறுதியாகத் தெரிந்த பெயர்களைக் கொண்டு கோவையை முன்னரே சோதித்தல் வேண்டும். ஆறெழுத்துக்கான கோவையில் சாமளாபுரமும், -ஊர் ஈற்றுக்கான கோவையில் சோமனூரும் அகப்படாவிடில், அக்கோவை பெருந்தரவகத்தில் தரும் 'இல்லை' என்னும் விடையை ஏற்றல் கூடாது.